பாதுகாப்புப் பிரிவின் தலைவர் உற்பத்தி மேலாளருக்குக் கீழே இருப்பதை ஏற்க மாட்டோம்: நிலைப்பாட்டு அறிக்கை

உறுப்பினர்களுக்கும் பொதுமக்களுக்கும்,

நம் கடலூர் மாவட்டத்தில் இயங்கும் உயிரித்தொழில்நுட்ப நிறுவனம் ஒன்று சென்ற மாதம் நம் சங்கத்துக்குக் கடிதம் எழுதியிருந்தது. நிறுவனத்தின் பெயரை இந்த அறிக்கையில் குறிப்பிடுவதில்லை என்பது செயற்குழுவின் முடிவு. தன் ஆலையின் சுற்றுச்சூழல், சுகாதாரம், பாதுகாப்புப் பிரிவுக்குப் புதிய தலைவரை நியமித்திருப்பதாகவும், அவருக்கு ஆலோசனை சொல்லும் குழுவில் நம் சார்பில் ஒருவரை அனுப்புமாறும் நிறுவனம் கேட்டிருந்தது. கடிதத்துடன் நிர்வாக வரைபடம் ஒன்றும் இருந்தது. அதில் பாதுகாப்புத் தலைவரின் கட்டம் உற்பத்திப் பொது மேலாளரின் கட்டத்துக்குக் கீழே போடப்பட்டிருந்தது. இரண்டையும் இணைக்கும் அந்தக் கோட்டைப் பற்றிப் பேசவே மூன்று செயற்குழுக் கூட்டங்கள் தேவைப்பட்டன.

இதற்கிடையே, சங்கம் நிறுவனத்திடம் விலைபோய்விட்டது என்று ஒரு பேச்சும், வந்த வாய்ப்பைச் சங்கம் வீம்புக்காகத் தள்ளுகிறது என்று இன்னொரு பேச்சும் குறிஞ்சிப்பாடியிலும் கடலூர் முதுநகரிலும் பரவின. ஆகவே நம் நிலையை எழுத்தில் வைக்கிறோம். அந்தக் கோடு மாற்றப்படும் வரை ஆலோசனைக் குழுவுக்கு நம் சார்பில் யாரையும் அனுப்புவதில்லை. கொள்கை அளவில் பேச்சுவார்த்தைக்கு நாம் எதிரானவர்கள் இல்லை. உள்ளே போய்ப் பேசினால்தான் எதுவும் நடக்கும் என்று கருதிய உறுப்பினர்களின் மாற்றுக்கருத்து கூட்டக் குறிப்பில் பதிவாகியிருக்கிறது, அதை மதிக்கிறோம்.

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையின் கதையை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1998இல் மாநில மனித உரிமை ஆணையம் உப்பனாற்றின் மாசைப் பற்றி எழுதியதும், 2003இல் நீதிபதி கனகராஜ் தலைமையிலான மக்கள் தீர்ப்பாயம் ஊர் ஊராக வந்து கேட்டதும் நமக்குத் தெரியும். 2004இல் ஈச்சங்காடு, குடிகாடு, சங்கொலிக்குப்பம் பகுதி மக்கள் தாங்களே பக்கெட்டில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். இங்குள்ள காற்றைச் சுவாசிப்பவர்களுக்கு வாழ்நாளில் புற்றுநோய் வரும் வாய்ப்பு இயல்பைவிடக் குறைந்தது 2000 மடங்கு என்று நீரி எனும் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் கணித்ததாக 2008இல் செய்தி வந்தது. 2021 மே 13 அன்று குடிகாட்டில் பூச்சிமருந்து ஆலை வெடித்து 4 பேர் இறந்தார்கள். 2025 மே மாதம் ஒரு சாய ஆலையின் கழிவுநீர்த் தொட்டி உடைந்து, அந்தத் தண்ணீர் அதே குடிகாட்டின் வீடுகளுக்குள் பாய்ந்தது. நம் வட்டத்திலேயே இருக்கும் நெய்வேலியில் 2020 மே 7 அன்று, விசாகப்பட்டினத்தில் ஸ்டைரீன் கசிந்த அதே நாளில், அனல்மின் நிலையக் கொதிகலன் வெடித்தது. ஜூலை 1 அன்று அதே நிலையத்தில் இன்னொரு கொதிகலன் வெடித்தது. அன்று மட்டும் 6 பேர் போனார்கள். மருத்துவமனையில் இறந்தவர்கள் அதற்குமேல். இறந்தவர்களில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். இரண்டு மாதத்துக்குள் ஒரே இடத்தில் இரண்டு வெடிப்பு. முதல் வெடிப்புக்குப் பிறகு "நிறுத்து" என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருந்தது? செயற்குழுவில் வயதில் மூத்த உறுப்பினர் இதை மேசையைத் தட்டிக் கேட்டார். யாரிடமும் பதில் இல்லை.

புதிய நிறுவனம் தன்னை உயிரித்தொழில்நுட்பம் என்கிறது. நம்மில் சிலர் அந்தச் சொல்லைக் கேட்டே கொஞ்சம் ஆறுதல் அடைந்தார்கள். பூச்சிமருந்து இல்லை, சாயம் இல்லை, நுண்ணுயிரை வளர்த்து மருந்துப்பொருள் எடுக்கிறார்கள், சுத்தமான தொழில்தானே என்ற எண்ணம். மத்திய அரசு 2024 ஆகஸ்டில் ஒப்புதல் கொடுத்த பயோ-இ3 என்ற உயிரித்தொழில்நுட்பக் கொள்கைக்குப் பிறகு இப்படிப்பட்ட ஆலைகள் இன்னும் வரும். வேலை வரட்டும்; அதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் பென்சிலின்-ஜி நொதித்தெடுத்த ஆலை சிப்காட்டில் இருந்த காலத்தை நம் மூத்தவர்கள் மறக்கவில்லை. நொதிகலனில் ஓடுவது உயிர் என்றாலும் அதைச் சுற்றி இருப்பது நீராவி, அம்மோனியா, அமிலம், காரம். மருந்தைப் பிரித்தெடுக்க பியூட்டைல் அசிட்டேட் போன்ற எளிதில் தீப்பற்றும் கரைப்பான்கள் வேண்டும். நொதித்தலில் கரியமில வாயு வெளியேறிக்கொண்டே இருக்கும். கரைப்பான் தொட்டியின் மேற்பரப்பில் நைட்ரஜன் நிரப்பி வைப்பார்கள். பென்சிலின் தூளும் நொதித் தூளும் நுரையீரலில் சேர்ந்தால் ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் வரலாம். 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் முதல் அட்டவணையே மருந்துத் தொழிலை ஆபத்தான செய்முறைகளின் பட்டியலில் வைத்திருந்தது. சுத்தமான தொழில் என்ற பேச்சை இதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இனி வரைபடத்தில் இருந்த அந்தக் கோட்டுக்கு வருகிறோம். அது ஏன் முக்கியம் என்பது நொதிகலனுக்குள் ஆள் இறங்கும்போதுதான் தெரியும்.

நொதிகலன் இரண்டு மூன்று ஆள் உயரம் இருக்கும். ஒரு தொகுதி முடிந்ததும் வடித்து, கழுவி, அடுத்த தொகுதிக்குத் தயார் செய்வார்கள். குழாய் வழியே தானாகக் கழுவும் ஏற்பாடு இருந்தாலும் சுவரில் ஒட்டியதைச் சுரண்டவும், வெல்டிங் இணைப்பைப் பார்க்கவும், கலக்கியின் இறக்கையைச் சரிசெய்யவும் யாராவது ஒருவர் மேலே உள்ள திறப்பு வழியே இறங்கத்தான் வேண்டும். நாங்கள் விசாரித்த ஒவ்வொரு இடத்திலும் அந்த ஒருவர் ஒப்பந்தத் தொழிலாளிதான். கரியமில வாயு காற்றைவிடக் கனமானது. கலனின் அடியில் தேங்கி நிற்கும். நைட்ரஜனுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 விழுக்காடு. 19.5க்குக் கீழே போனால் யாரும் இறங்கக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றும் அளவு. ஆறு விழுக்காட்டுக்கும் கீழே போய்விட்டால் இரண்டு மூன்று மூச்சில் ஆள் விழுந்துவிடுவான். கத்துவதற்குக்கூட நேரம் கிடைக்காது. விழுந்தவனைத் தூக்க ஓடி இறங்குகிறவனும் அங்கேயே விழுவான். மலக்குழிகளில் இரண்டு பேர், மூன்று பேர் என்று சேர்ந்தே சாவதற்கு இதுதான் காரணம். நொதிகலனும் அதே மாதிரிக் குழிதான்.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1948 சட்டத்தின் 36ஆம் பிரிவு இதைத் தெளிவாக எழுதியிருந்தது. தகுதி பெற்றவர் தானே செய்த சோதனையின் அடிப்படையில், உள்ளே ஆபத்தான வாயு இல்லை என்று எழுத்தில் சான்று கொடுக்க வேண்டும். அப்படிச் சான்று இல்லையென்றால், இறங்குபவர் சுவாசக்கருவி அணிய வேண்டும். இடுப்பில் பட்டையும் கயிறும் வேண்டும். கயிற்றின் மறுமுனை வெளியே நிற்பவர் கையில் இருக்க வேண்டும். ஆலையில் இந்தச் சான்றை எல்லோரும் "பெர்மிட்" என்பார்கள்.

நம் உறுப்பினர் ஒருவர் அப்படி ஒரு பெர்மிட் புத்தகத்தைப் பார்த்திருக்கிறார். கடிதம் எழுதிய நிறுவனத்தின் புத்தகம் இல்லை அது. வேறொரு ஆலையினுடையது, அதன் பெயரும் இங்கே வேண்டாம். மஞ்சள் தாள், அடியில் கார்பன் நகல். தேதி, கலனின் எண், இறங்குபவர் பெயர், ஆக்சிஜன் அளவு, நேரம், கையொப்பம் என்று கட்டங்கள். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். தொடர்ந்து இருபத்தோரு பெர்மிட்டில் ஆக்சிஜன் கட்டத்தில் 20.9. ஒருநாள்கூட 20.8 இல்லை, 20.7 இல்லை. எல்லாம் ஒரே கையெழுத்து, ஒரே பேனா. இரவு இரண்டு மணிக்கு இறங்கிய வேலைக்கு மாலை ஆறு பத்துக்கே கையொப்பம் போட்டிருந்தது. ஏறக்குறைய எட்டு மணி நேரம் கழித்து அந்தக் கலனுக்குள் காற்று எப்படி இருக்கும் என்று மாலையிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

அன்று இரவு இறங்கியவர் குறிஞ்சிப்பாடியில் தறி ஓட்டிக்கொண்டிருந்த தம்பி. லுங்கி நெசவில் வரும் கூலி குடும்பத்துக்குப் போதாமல் ஒப்பந்தக்காரரின் வேனில் ஏறியவர். செயற்குழு முன் அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறோம்: "மீட்டர் எங்கண்ணேன்னு கேட்டேன். சார்ஜ்ல கெடக்குன்னாங்க. அளந்து எழுதியாச்சு, நீ எறங்குன்னாங்க. எறங்குனேன். கால் வச்சதும் தலை கிர்ருன்னுச்சு. மேல இருந்த பையன் பட்டையப் புடிச்சு இழுத்தான்." மேலே நின்ற பையன் அந்த நேரத்தில் அங்கே நின்றதால்தான் இந்தத் தம்பி நம் முன் உட்கார்ந்து பேசினார்.

அந்த ஆலையில் சேஃப்டி ஆபீசர் இருந்தார். படித்தவர், தொழிலகப் பாதுகாப்பில் பட்டயம் வாங்கியவர், கெட்டவர் இல்லை. பிறகு நம்மில் ஒருவரிடம் அவர் மனம்விட்டுப் பேசியதன் சாரம் இவ்வளவுதான்: அவருடைய ஆண்டு மதிப்பீட்டை எழுதுபவர் உற்பத்தி மேலாளர். சம்பள உயர்வு அந்தக் கையில். தொகுதி தாமதமானால் உற்பத்தி மேலாளருக்கு மேலிடத்திலிருந்து ஏச்சு விழும். அப்படியிருக்க நள்ளிரவில் மீட்டர் சார்ஜில் இருக்கிறது என்பதற்காகக் கலனைத் திறக்காதே என்று அவர் யாரிடம் சொல்ல முடியும்? தன் மேலாளரையே நிறுத்தச் சொல்லி ஒரு கீழதிகாரி எழுதிக்கொடுக்கும் நிறுவனம் எங்கே இருக்கிறது?

நிர்வாக வரைபடத்தில் கோடு எங்கே போகிறது என்று பார்ப்பதை வீண் பிடிவாதம் என்று சொன்னவர்கள் அந்தத் தம்பியோடு பத்து நிமிடம் உட்கார்ந்து பேசட்டும். பாதுகாப்புத் தலைவர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும், எந்த வெளிநாட்டு நிறுவனத்தில் அனுபவம் பெற்றவராக இருந்தாலும், உற்பத்தியைக் கேட்காமல் ஒரு கலனை மூடும் அதிகாரம் அவருக்கு இல்லையென்றால் அவர் பொறுப்பை ஏற்க முடியாது. விபத்து நடந்த பிறகு முதல் தகவல் அறிக்கையில் ஏறுவது மட்டும் அவர் பெயர்! இதை ஒரு தலைமைப் பதவி என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

பல மாநிலங்களின் பாதுகாப்பு அதிகாரி விதிகள் இதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்திருக்கின்றன: பாதுகாப்பு அதிகாரிக்கு மூத்த நிர்வாகி நிலை தர வேண்டும், அவர் ஆலையின் தலைமை நிர்வாகியின் நேரடிக் கட்டுப்பாட்டில் வேலை செய்ய வேண்டும், தன் கடமைக்கு முரணான வேறு வேலை அவருக்குக் கொடுக்கக் கூடாது. நாம் புதிதாக எதையும் கேட்கவில்லை.

சட்டத்தைப் பற்றி. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத்தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்பு 2020 இப்போது பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் இடத்தில் நிற்கிறது. அதில் நல்லது எதுவுமே இல்லை என்று சொல்ல மாட்டோம். பழைய சட்டத்தில் பொதுவாக ஆயிரம் பேர் வேலை செய்தால்தான் பாதுகாப்பு அதிகாரி கட்டாயம். புதிய தொகுப்பில் 500 பேர், ஆபத்தான செய்முறை உள்ள ஆலையில் 250 பேர். ஆண்டுதோறும் இலவச மருத்துவப் பரிசோதனையும் உண்டு. ஆனால் போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு 1987இல் பழைய சட்டத்தில் சேர்த்த 41-ஜி பிரிவு, ஆபத்தான செய்முறை உள்ள ஒவ்வொரு ஆலையிலும் தொழிலாளர்களும் நிர்வாகமும் சம எண்ணிக்கையில் இருக்கும் பாதுகாப்புக் குழுவைக் கட்டாயமாக்கியிருந்தது. தலைகளை எண்ணச் சொல்லவில்லை. புதிய தொகுப்பில் அந்தக் குழு வேண்டுமா என்பது அரசு ஆணை போடுவதைப் பொறுத்தது. ஆயிரக்கணக்கான உயிர் போன பிறகு எழுதிய ஒரு வரி போய், அந்த இடத்தில் "அரசு கோரலாம்" என்று நிற்கிறது. செயற்குழுவில் இதற்கு மென்மையான சொல் தேடினோம். கிடைக்கவில்லை. இது பறிப்பு.

உயிரித்தொழில்நுட்ப ஆலைகளில் பெரும்பாலும் ஆட்கள் குறைவு, இயந்திரம் அதிகம். நிரந்தரப் பணியாளரை மட்டும் எண்ணினால் 250ஐத் தொடாது. ஆகவே தொகுப்பின் கீழ் மாநிலம் வகுக்கும் விதிகளிலும் ஆணைகளிலும் கேட் பதிவேட்டில் பெயருள்ள அத்தனை பேரையும், ஒப்பந்தக்காரரின் வேனில் வருபவர் உட்பட, எண்ண வேண்டும் என்று கோருகிறோம். மருந்து, உயிரித்தொழில்நுட்ப ஆலைகள் அனைத்திலும் ஆள் எண்ணிக்கையைப் பார்க்காமல் பாதுகாப்புக் குழு கட்டாயம் என்று மாநில அரசு பொது ஆணை பிறப்பிக்க வேண்டும். 36ஆம் பிரிவின் "தானே செய்த சோதனை" என்ற சொற்கள் மாநில விதியில் அப்படியே இருக்க வேண்டும்.

இன்னொரு சட்டமும் இருக்கிறது. அதைப் பற்றி நம் உறுப்பினர்களிலேயே பலருக்குத் தெரியாது. 1989 டிசம்பர் 5 அன்று மத்திய அரசு அறிவித்த ஆபத்தான நுண்ணுயிர்கள், மரபணு மாற்றிய உயிரிகள் பற்றிய விதிகள். இவற்றைக் கையாளும் நிறுவனம் தனக்குள் உயிரிப்பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டும். அதற்கு வெளியே, தேவைப்படும் மாவட்டங்களில் ஆட்சியர் தலைமையில் மாவட்ட நிலைக் குழு ஒன்று வேண்டும். தொழிற்சாலை ஆய்வாளர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியப் பிரதிநிதி, தலைமை மருத்துவ அலுவலர், வேளாண் அலுவலர் எல்லோரும் அதில் இருக்க வேண்டும். ஆலைக்குள் விபத்து நடந்தால் வெளியே என்ன செய்வது என்று திட்டம் வகுப்பதும் அந்தக் குழுவின் வேலை. கடலூர் மாவட்டத்தில் அந்தக் குழுவின் உறுப்பினர்கள் யார், கடைசியாக எந்தத் தேதியில் கூடியது என்பதை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் தமிழில் பகிரங்கமாக வெளியிட வேண்டும்.

மற்றக் கோரிக்கைகளைச் சுருக்கமாக வைக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் விரிவான குறிப்பு செயற்குழுவிடம் உண்டு.

கழிவுநீரில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தின் எச்சம் எவ்வளவு என்று நிறுவனம் அளந்து வெளியிட வேண்டும். 2020 ஜனவரியில் சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட வரைவில் இதற்கு வரம்பு இருந்தது. 2021 இறுதி அறிவிக்கையில் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2024இல் இதற்கென்றே வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டது. உப்பனாற்றில் வலை போடுகிறவர்களுக்கும் பரவனாற்றுத் தண்ணீரில் மாடு கழுவுகிறவர்களுக்கும் இது தெரிய வேண்டிய செய்தி. நொதித்தலில் மிஞ்சும் பூஞ்சைக் கழிவு எங்கே போகிறது என்பதும் அப்படியே.

சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொழில்சார் நோய்களுக்கு வாரத்தில் ஒரு நாளாவது தனிப் பிரிவு இயங்க வேண்டும். மூச்சுத்திணறலோடு போகிறவரிடம் "பீடி குடிப்பியா?" என்பதோடு கேள்வி முடிந்துவிடக் கூடாது, "எங்கே வேலை செய்கிறாய், என்ன வேலை?" என்று கேட்டு எழுத வேண்டும். கொடைக்கானல் வெப்பமானி ஆலை 2001இல் மூடப்பட்ட பிறகு, 591 தொழிலாளர்களுக்கு உடன்பாடு கிடைக்க 2016 வரை ஆனது. தொழிலாளியின் கையில் அவருடைய மருத்துவப் பதிவேட்டின் நகல் இருந்தால் இப்படி இழுத்தடிக்க முடியாது.

இரவுப் பணிக்கு வரும் பெண்களின் பாதுகாப்பு, வேன் வசதி. புயல் எச்சரிக்கை வந்தால் கரைப்பான் தொட்டிகளை என்ன செய்வது என்ற எழுத்துத் திட்டம். 2011 தானே புயலைப் பார்த்த ஊர் இது. வேளாண் பாதுகாப்பு மண்டலச் சட்டம் 2020இல் கடலூர் மாவட்டத்தின் ஐந்து ஒன்றியங்களைச் சேர்த்து, குறிஞ்சிப்பாடி ஒன்றியத்தை விட்டதை மறுபரிசீலனை செய்வது. இந்தக் கடைசிக் கோரிக்கையில் செயற்குழுவில் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை என்பதையும் பதிவு செய்கிறோம்.

கடிதம் எழுதிய நிறுவனத்துக்கு நாங்கள் அனுப்பியிருக்கும் பதிலில் மூன்று விஷயங்கள்தான் இருக்கின்றன. முதலாவதாக, பாதுகாப்புப் பிரிவின் தலைவர் தலைமை நிர்வாகிக்கு நேரடியாகப் பதில் சொல்பவராக இருக்க வேண்டும்; அவருடைய மதிப்பீட்டில் உற்பத்திப் பிரிவின் கையும் இருக்கக் கூடாது. இரண்டாவதாக, எந்த நேரத்திலும், யாரையும் கேட்காமல் ஒரு வேலையை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு உண்டு என்று எழுத்தில் கொடுக்க வேண்டும்; ஆபத்தைக் கண்டு இறங்க மறுக்கும் தொழிலாளிக்கும், அவர் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தாலும், அந்த நாள் கூலி போகாது என்று அறிவிக்க வேண்டும். உடனடி ஆபத்தைக் கண்டு விலகிக்கொள்ளும் தொழிலாளிக்குத் தண்டனை கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 155ஆவது உடன்படிக்கை 1981லேயே சொல்லிவிட்டது. மூன்றாவதாக, குறுகிய இடங்களில் இறங்குவதற்கான பெர்மிட்டின் நகல் இறங்குபவர் கையிலேயே இருக்க வேண்டும். அதில் அளவைக் கட்டத்தை அவர் கண்முன் நிரப்ப வேண்டும். இந்த மூன்றுக்கும் எழுத்தில் சம்மதம் வந்தால் அடுத்த செயற்குழுவிலேயே பிரதிநிதியின் பெயரை முடிவு செய்வோம். பாதிச் சம்மதம் வந்தால் என்ன செய்வது என்பதில் இன்னும் முடிவெடுக்கவில்லை, பொதுக்குழுவில் வைப்போம்.

உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்த ஆலையிலாவது கலன், தொட்டி, குழிக்குள் இறங்கியவர்கள், அல்லது இறங்குபவருக்கு மேலே நின்றவர்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் குறிஞ்சிப்பாடி அலுவலகத்துக்கு வாருங்கள். பெர்மிட் சீட்டு கையில் இருந்தால் கொண்டுவாருங்கள். இல்லையென்றால் அன்று மீட்டர் இருந்ததா, யார் அளந்தார், எத்தனை மணிக்கு இறங்கினீர்கள் என்று நினைவில் இருப்பதைச் சொல்லுங்கள். எழுதிக்கொள்ள ஆள் இருப்பார். உங்கள் பெயரையோ ஆலையின் பெயரையோ உங்கள் சம்மதம் இல்லாமல் யாருக்கும் கொடுக்க மாட்டோம்.

செயற்குழுவுக்காக,
குறிஞ்சிப்பாடி